ரேக் (பெட்டிக் கோர்வை) மாத்தினா ஆக்டிவிட்டி ஏன் படுத்துக்குது? உங்க அனுபவத்தையும் போடுங்க

வணக்கம் மக்களே. ஓப்பன் ரெயில்ஸ்ங்கிற ரயில் ஓட்டுற கேம்ல இன்னொருத்தர் செஞ்ச ஆக்டிவிட்டியை (ஓட்டி முடிக்க வேண்டிய ஒரு பயணம்) எடுத்து, அதுல ஓடுற வண்டியைக் கழட்டிட்டு நமக்குப் பிடிச்ச வண்டியை மாட்டி ஓட்டாதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க. என் கதையை முதல்ல போடுறேன்.

நம்ம ஆளுங்க செஞ்ச அகலப்பாதை ரூட் ஒண்ணு. அதுல ராத்திரி எக்ஸ்பிரஸ் ஆக்டிவிட்டி. கொஞ்சம் பழசு, அதனால டபிள்யூஏபி-4 இன்ஜின், பின்னாடி நீலக் கலர் ஐ.சி.எஃப் (பெரம்பூர் தொழிற்சாலையோட பழைய மாடல்) பெட்டி 24. பெரம்பூர்ல அந்தப் பழைய மாடல் கட்டுறதையே 2018 ஜனவரியோட நிறுத்திட்டாங்க, ஸ்டேஷன்ல நின்னா கண்ணுல படுறதெல்லாம் எல்.எச்.பி.ங்கிற புது மாடல் பெட்டிதான். நாமளும் டபிள்யூஏபி-7 போட்டு 24 எல்.எச்.பி. மாட்டுவோம்னு உட்கார்ந்தேன்.

பழைய கன்ஸிஸ்ட் ஃபைல்ல (எந்த இன்ஜின், என்னென்ன பெட்டின்னு எழுதியிருக்கிற ஃபைல்) கை வைக்கல. அதுல மாத்தினா அந்த ரேக்கைப் பயன்படுத்துற எல்லா ஆக்டிவிட்டியிலயும் வண்டி மாறிடும். புதுப் பேர்ல ஒரு கன்ஸிஸ்ட், சர்வீஸ் ஃபைலுக்கு (எந்த ரேக் ஓடணும்னு சொல்றது) ஒரு நகல், அந்த நகல்ல ரேக் பேரை மட்டும் மாத்தி, ஆக்டிவிட்டியில புது சர்வீஸைக் காட்டிட்டேன். வண்டி லட்சணமா கிளம்புச்சு. பாதி வழியில கிராஸிங். நான் லூப்ல (ஒதுங்கி நிக்கிற பக்கத் தண்டவாளம்) போய் நிக்கணும், எதிர் வண்டி மெயின்ல தாண்டிப் போகணும், அப்புறம் எனக்கு ஸ்டார்ட்டர் (கிளம்புற சிக்னல்) விழணும். நின்னேன். எதிர் வண்டி வரவே இல்ல. வெளி கேமராவுல பின்னாடி போய்ப் பார்த்தா என் கடைசிப் பெட்டி பாயிண்ட் (தண்டவாளம் பிரியுற இடம்) மேலயே நிக்குது. எதிர்ல வர்றவன் அவுட்டர் சிக்னல்ல சிவப்பைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். ரெண்டு பேரும் விடிய விடிய நின்னிருப்போம்.

கணக்குப் போட்டா விஷயம் புரியுது. ஐ.சி.எஃப் பெட்டி பஃபரோட சேர்த்து 22.3 மீட்டர், எல்.எச்.பி. 24 மீட்டர். ஒரு பெட்டிக்கு 1.7 மீட்டர்தான், ஆனா 24 பெட்டிக்கு 40 மீட்டருக்கு மேல வந்துடுது. டபிள்யூஏபி-7 வேற டபிள்யூஏபி-4-ஐ விட ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சலா நீளம். ரூட் போட்டவர் அந்த லூப்பைப் பழைய ரேக்குக்கு அளவெடுத்த மாதிரி போட்டிருந்தார். ரெண்டு பெட்டியைக் கழட்டி 22 ஆக்கினேன். மொத்தம் 549 மீட்டர் வருது; பழைய வண்டி 554. எதிர் வண்டி ஜம்முனு வந்து தாண்டிப் போச்சு. நிஜத்துலயும் 24 ஐ.சி.எஃப் ஓடின இடத்துல எல்.எச்.பி. வந்தப்போ 22 தான் மாட்டினாங்க, பிளாட்பாரம் பத்தாதுன்னு. அந்தக் காரணம் எனக்கு லூப்ல நின்னப்போதான் உறைச்சது.

அடுத்து யாரு?

———

தம்பி, நீளக் கணக்கு சரியாகப் போட்டிருக்கிறீர்கள். நான் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்ததிலிருந்து வீட்டில் எனக்குத் தனி ராஜ்ஜியம். ஒன்று கேட்கிறேன்: அந்த 22-ல் பவர் கார் (ஜெனரேட்டர் பெட்டி) இரண்டையும் சேர்த்தீர்களா? எல்.எச்.பி. ரேக்குக்கு லைட், ஏசி எல்லாவற்றுக்கும் கரண்ட் பவர் காரிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. டபிள்யூஏபி-7-ல் இன்ஜினிலிருந்தே கரண்ட் எடுக்கும் வசதி வந்த பிறகு அதன் தேவை குறைந்துவிட்டது. விளையாட்டில் யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் பவர் கார் இல்லாத எல்.எச்.பி. ரேக்கைப் பார்த்தால் எனக்கு உறுத்தும்.

என் அனுபவம் பிரேக் பற்றியது. 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெய்ன் சிமுலேட்டரில் இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதை கூடவே வரும், ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் நீராவி இன்ஜினோடு. அந்த மேட்டில் நம்ம ஊர்ப் பெட்டியை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று பேரனுக்கு ஆசை. ஸ்காட்ஸ்மேனை அப்படியே வைத்துக்கொண்டு, பெட்டிகளை மட்டும் மாற்றிவிட்டான். மேடு ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் பிரேக் போட்டால் இன்ஜின் மட்டும் பிடிக்கிறது, பின்னால் இருப்பதெல்லாம் தள்ளிக்கொண்டே வருகிறது.

"தாத்தா, கேம்ல பக்"என்றான். பக் ஒன்றும் இல்லை. ஓப்பன் ரெயில்ஸில் எஃப்5 அழுத்தி, ஷிஃப்ட்டோடு சேர்த்து மறுபடி எஃப்5 தட்டிக்கொண்டே போனால் பிரேக் பக்கம் வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் என்ன வகை பிரேக் என்று வரிசையாகக் காட்டும். இன்ஜின் வாக்குவம், பெட்டியெல்லாம் இரட்டைக் குழாய் ஏர் பிரேக். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசவே பேசாது. வாக்குவத்தில் காற்றை உறிஞ்சி எடுத்தால் பிரேக் விடும்; ஏர் பிரேக்கில் 5 கிலோ அழுத்தம் ஏற்றினால்தான் விடும். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் வாக்குவம் வண்டிதான். கேஜைப் பார்க்காமல் கொடி காட்ட மாட்டோம்.

வேகன் ஃபைலில் பிரேக் வகை என்று ஒரு வரி இருக்கிறது, அதை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த வரிக்குக் கீழே இருக்கிற எண்கள் எல்லாம் ஏர் பிரேக்குக்கு எழுதியவை. வாக்குவம் பிரேக்கோடு செய்த பழைய பெட்டி தொகுப்பைத் தேடி எடுத்து மாட்டினோம், நன்றாக நின்றது. வண்டி மாற்றுகிறவர்கள் கிளம்புவதற்கு முன் அந்த எஃப்5 பக்கத்தை ஒருமுறை பாருங்கள். பிரேக் பவர் சர்டிஃபிகேட் (பிரேக் சரியாக இருக்கிறது என்ற சான்று) இல்லாமல் வண்டி எடுக்கலாமா?

———

ஐயா கடைசி வரிக்கு ஒரு சல்யூட். 

நான் எக்ஸ்பிரஸ் பக்கமே போகாதவன், ஷண்டிங் பைத்தியம். அதே மைக்ரோசாஃப்ட் கேம்ல வர்ற மரியாஸ் பாஸ் ரூட் இருக்கே, அமெரிக்காவுல மொன்டானா, ஷெல்பியில இருந்து மலை ஏறி வொயிட்ஃபிஷ் போறது, அந்த ரூட்ல ஒரு யார்டு ஆக்டிவிட்டி. சைடிங்ல நிக்கிற வேகனை எடுத்துட்டுப் போய் இன்னொரு சைடிங்ல விடணும். அந்த வேகனையெல்லாம் எடுத்துட்டு நம்ம ஊர் பாக்ஸ்என் கூட்ஸ் வேகன் வைக்கணும்னு ஆசை. எடிட்டர்ல பழைய வேகனை டெலீட் பண்ணிட்டு அதே இடத்துல பாக்ஸ்என் வரிசையை வெச்சா, பார்க்க அழகா இருக்கும், ஆனா வேலை முடியாது. வேகனைக் கோர்த்து, இழுத்து, சரியான சைடிங்ல விட்டாலும் வேலைப் பட்டியல்ல டிக் விழாது.

ஏன்னா ஆக்டிவிட்டிக்கு வேகனோட பேரோ உருவமோ தெரியாது. ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அடையாள எண் இருக்கு, "இந்த எண்ணுள்ள வேகனை எடு"ன்னுதான் ஈவென்ட்ல (ஆக்டிவிட்டி கொடுக்கிற வேலைக் கட்டளை) எழுதியிருக்கும். டெலீட் பண்ணின நிமிஷமே அந்த எண் போயிடுது. புதுசா வெச்ச வேகன் வேற எண்ணோட பிறக்குது.

வழி ரெண்டு. ஒண்ணு, புது வேகனை வெச்ச பிறகு ஒவ்வொரு ஈவென்ட்டையும் திறந்து வேகனைத் திரும்பத் தேர்ந்தெடுக்கிறது. நாலு ஈவென்ட் இருந்தா பரவாயில்ல, இருபது இருந்தா கண்ணு போயிடும். ரெண்டாவது, நான் செய்யுறது: எடிட்டரையே திறக்காம ஆக்டிவிட்டி ஃபைலை நோட்பேட்ல திறந்து, வேகன்டேட்டா வரியில வேகன் ஃபைல் பேர், ஃபோல்டர் பேர் ரெண்டை மட்டும் மாத்தி, பக்கத்துல இருக்கிற அடையாள எண்ணைத் தொடாம விட்டுடுறது. முதல்ல வர்றது ஃபைல் பேர், அடுத்ததுதான் ஃபோல்டர். மாத்திப் போட்டா வேகன் காணாமப் போகும். சேமிக்கிறப்போ யூனிகோட்லயே சேமிக்கணும், பழைய கேம்ல ஓட்டுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

பாக்ஸ்என் 10.7 மீட்டர்தான், அமெரிக்க வேகனை விடப் பொடிசு. அதனால நீளப் பிரச்சினை எனக்கு இல்ல. ஆனா எண்ணிக்கையைக் கூட்டிடாதீங்க, கூட்டுற வேகனுக்கு ஈவென்ட்ல எண் கிடையாது.

———

நான் இருப்பது லண்டனில், ஓட்டுவது டிரெய்ன் சிமுலேட்டர் கிளாசிக் என்கிற வேறொரு கேம். எங்கள் பக்கம் கதை வேறு. இங்கே வண்டி மாற்றுவது ஆசைக்காக மட்டும் இல்லை, பாதி நேரம் வேறு வழியில்லாமல். யாரோ செய்த சீனாரியோவில் (உங்கள் ஆக்டிவிட்டி மாதிரி) நான் வாங்காத டிஎல்சி (தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் தொகுப்பு) வண்டி ஒன்று எங்கோ ஒரு சைடிங்கில் சும்மா நின்றுகொண்டிருக்கும். அது இல்லாததால் சீனாரியோவே ஓடாது. அதற்காக முப்பது பவுண்ட் கொடுக்க மனம் வருமா? சீனாரியோவை நகலெடுத்து, .bin ஃபைலை கேமோடு வருகிற செர்ஸ் கருவியால் எக்ஸ்எம்எல் ஆக்கி, இல்லாத வண்டியின் இடத்தில் இருக்கிற வண்டியின் பாதையை எழுதி, மறுபடி .bin ஆக்குவேன். இதையே பட்டன் அழுத்திச் செய்ய ஆர்டபிள்யூ டூல்ஸ் மாதிரி மென்பொருள் உண்டு.

கவனிக்க வேண்டியது வண்டி எண். சில பிரிட்டிஷ் யூனிட்களில் முன்பலகையில் தெரியும் ஊர்ப் பெயர் அந்த எண்ணில் ஒட்டியிருக்கும் குறியீட்டிலிருந்துதான் வரும். பழைய வண்டியின் எண்ணை அப்படியே விட்டால் பிரைட்டன் போகிற வண்டி பலகையில் வேறு ஊரைக் காட்டிக்கொண்டு போகும்.

———

நான் சொல்ல வந்தது ஏஐ வண்டி (கேமே ஓட்டுற மத்த வண்டி) பத்தி. நம்ம வண்டியை மாத்துறப்போ எல்லாரும் ஒழுங்கா பார்க்கிறாங்க, எதிர்ல வர்றதை மாத்துறப்போ கோட்டை விடுறாங்க. டவுன்லோட் பண்ணின ஒரு ஆக்டிவிட்டியில எனக்கு முன்னாடி ஒரு சதாப்தி போகணும். அது ஆமை மாதிரி போகுது, எனக்கு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மஞ்சள் சிக்னல். கன்ஸிஸ்ட் ஃபைலைத் திறந்தா அதிகபட்ச வேகம்னு இருக்கிற இடத்துல 22.22-னு போட்டிருக்கு. அது மீட்டர்/செகண்ட் கணக்கு, 80 கிலோமீட்டர். யாரோ ஒரு கூட்ஸ் ஃபைலைத் திறந்து இன்ஜினையும் பெட்டியையும் மட்டும் மாத்தி, சதாப்தின்னு பேர் வெச்சிருக்காங்க. 130-க்கு 36.11, 110-க்கு 30.56. 3.6-ஆல வகுத்துப் போடுங்க.

இன்னொண்ணு. மின்சார இன்ஜினை டீசல் ரூட்ல போட்டு, பேன்டோ (மின்கம்பியைத் தொடுற கூரைக் கை) ஏறுது ஆனா வண்டி நகரலன்னு புலம்புறவங்க, ஓப்பன் ரெயில்ஸ் ஆப்ஷன்ஸ்ல மின்மயமாகாத பாதையிலயும் லைன் வோல்டேஜ் கொடுக்க ஒரு டிக் பாக்ஸ் இருக்கு. அதைப் போட்டா ஓடும். கம்பியே இல்லாத வானத்தைப் பேன்டோ தொட்டுக்கிட்டுப் போறதைப் பார்க்க மனசு வரணும், அவ்வளவுதான்.

———

அண்ணா, நான் புதுசு. டைம்டேபிள் மோட் (ஆக்டிவிட்டி இல்லாம அட்டவணை ஃபைல் வெச்சு ஓட்டுறது) மட்டும்தான் ஓட்டுறேன். இதுல இவ்வளவு தலைவலி இல்லையே? கன்ஸிஸ்ட் வரிசையில அந்த வண்டியோட கட்டத்துல பேரை மாத்தினா முடிஞ்சுது. ரெண்டு ரேக்கைச் சேர்க்கணும்னா நடுவுல பிளஸ் குறி போட்டாலே ஒட்டிக்குது. ஒரே சந்தேகம்: டபிள்யூடிஎம்-3ஏ டீசல் இன்ஜின் போட்டா எப்பவும் ஷார்ட் ஹூட் (குட்டை மூக்குப் பக்கம்) முன்னாடி இருக்கு. நான் ஊர்ல பார்த்ததெல்லாம் லாங் ஹூட் (நீள மூக்குப் பக்கம்) முன்னாடி வெச்சு வர்ற வண்டி. திருப்ப முடியுமா?

———

தம்பி, தலைவலி அங்கேயும் இருக்கு, ரேக் நீளமானா லூப் நீளமாகாது. மத்தபடி டைம்டேபிள்ல மாத்துறது சுலபம்தான், ஒத்துக்கிறேன்.

இன்ஜினை மட்டும் திருப்ப கன்ஸிஸ்ட் ஃபைல்ல அந்த இன்ஜின் பத்தியில ஃப்ளிப்னு ஒரு வரி சேர்க்கணும். டைம்டேபிள்ல ரிவர்ஸ் கட்டளை போட்டா முழு ரேக்கும் திரும்பிடும், கடைசிப் பெட்டி முன்னாடி வந்துடும், அது உனக்கு வேண்டாம். ஃப்ளிப் போட்ட பிறகு கேபுக்குள்ள போய்ப் பாரு. மாடல் செஞ்சவர் ரெண்டு பக்கக் காட்சியும் கொடுத்திருந்தா லாங் ஹூட் நீளமா முன்னாடி தெரியும், சிக்னலைத் தேடித் தேடி ஓட்டலாம். ஒரு பக்கம் மட்டும் கொடுத்திருந்தா உன் கண்ணெதிர்ல முதல் பெட்டிதான் தெரியும். எந்த மாடல்னு சொல்லு, என்கிட்ட இருந்தா திறந்து பார்த்துச் சொல்றேன்.

பெட்டி காணாமப் போச்சுன்னு தனி மெசேஜ்ல கேட்கிறவங்க டெஸ்க்டாப்ல இருக்கிற ஓப்பன் ரெயில்ஸ் லாக் ஃபைலை முதல்ல திறங்க. எந்தப் பெட்டி எந்த ஃபோல்டர்ல கிடைக்கலன்னு அதுலயே எழுதியிருக்கும். அந்த வரியை ஒட்டிட்டு கேளுங்க. ஐயா, பவர் கார் ரெண்டும் சேர்த்துத்தான் 22.