வில்லுப்பாட்டு பதியணும், 4 ஜிபி லேப்டாப்தான் இருக்கு: கம்மி செலவுல எந்த சாப்ட்வேர்?

கொக்கிரகுளம்_குடம்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னாடி எங்க வில்லுப்பாட்டு செட்டுப் பாட்டு நாலஞ்சை வீட்டுலயே பதியணும். பாட்டு, குடம், உடுக்கை, ஜால்ரா எல்லாம் உண்டு. பின்னால கீபோர்டுல கொஞ்சம் நாகஸ்வரம் மாதிரி சேக்கணும். ஐ3 லேப்டாப், 4 ஜிபி ரேம், 64 பிட் விண்டோஸ் 10. யூஎஸ்பி மைக் ஒண்ணு இருக்கு, குடத்துக்குன்னு இன்னொண்ணு வாங்கலாமான்னு யோசனை. சாப்ட்வேருக்கு அஞ்சாயிரம் வரைக்கும் போகலாம். எஃப்எல் ஸ்டுடியோ ட்ரையலே போதுமா? ஹெட்போன்ல குரல் லேட்டா கேக்குதே, அது லேப்டாப் கோளாறா?

பாளை_மிக்ஸர்:
ட்ரையல் போதாது. எஃப்எல் ஸ்டுடியோ ட்ரையல்ல சேவ் பண்ணலாம், ஆனா மூடின ப்ராஜெக்டைத் திரும்பத் திறக்க விடாது. காசு குடுத்து வாங்கினாலும் விலை குறைஞ்ச ஃப்ரூட்டி பதிப்புல குரல் பதிவு கிடையாது, பாத்துக்கிடுங்க. பீட்டு போடுறவங்களுக்கு அது தங்கம். உங்க வேலை அது இல்ல.

எல்எம்எம்எஸ் இலவசம்தான். ஆனா அதோட 1.2 வரிசையில மைக்ல இருந்து பதியவே முடியாது. பலபேரு இறக்கி வச்சுட்டு ரெக்கார்ட் பட்டனைத் தேடிக்கிட்டு இருப்பாங்க.

உங்களுக்கு ரீப்பர். 60 நாள் முழுசா ஓட்டிப் பாக்கலாம், எதையும் பூட்டி வைக்காது. தனிஆள் லைசென்ஸ் 60 டாலர். அன்னைக்கு டாலர் விலையைப் பாருங்க, அஞ்சாயிரத்துக்குக் கொஞ்சம் மேல போகும். ரொம்ப லேசான சாப்ட்வேர், 4 ஜிபிக்குத் தாங்கும். காசே கூடாதுன்னா ஆடாசிட்டி. 3.2ல இருந்து எஃபெக்டை ஒலியில நிரந்தரமா ஏத்தாம, ஓடும்போதே போட்டு எடுக்கலாம். குரலும் குடமும் பதிஞ்சு கலக்க அது போதும். கீபோர்டு மிடி வேலைக்குத்தான் (எந்தக் கட்டையை எப்ப அமுக்குனோம்னு பதிஞ்சு வாசிக்க வைக்கிறது) ஆகாது.

கிராக், அதான் பூட்டு உடைச்ச திருட்டுப் பதிப்பு, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஆன்டிவைரஸை அணைச்சாத்தான் ஏறும்னு சொல்லுத ஃபைல் எதைக் கூட்டிக்கிட்டு வரும்னு யாருக்குத் தெரியும்?

டவுன்_ஒலிக்காரன்:
லேட்டுக்குக் காரணம் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒலியை ஒரு கட்டாச் சேத்துவச்சு அனுப்புற அளவு. 48,000 சாம்பிள் ரேட்டுல (செகண்டுக்கு 48,000 ஒலித் துணுக்கு) பஃபர் 1024 துணுக்குன்னா உள்ள வர 21 மில்லி செகண்ட், வெளிய போக இன்னொரு 21. அதுக்கு மேல விண்டோஸோட சாதாரண டிரைவர் வேற சேத்துக்கும். பாடுறவருக்குத் தாளம் தட்டிரும். 128 வச்சா ஒரு பக்கத்துக்கு 2.7தான். ஆனா ஐ3ல பட்டுப் பட்டுன்னு விட்டு விட்டுக் கேக்கும்.

வழி இதுதான். ஏசியோ4ஆல்னு இலவச டிரைவர் இருக்கு, அதைப் போடுங்க. ரீப்பர்ல ஆப்ஷன்ஸ், ப்ரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் போயி ஏசியோவைத் தேர்ந்தெடுங்க. பதியும்போது 256, மிக்ஸ் பண்ணும்போது 1024. மைக்லயே ஹெட்போன் ஓட்டை இருந்தா ஹெட்போனை அதுல சொருகிட்டு, ரீப்பர் ட்ராக்குல ரெக்கார்ட் மானிட்டரை (பதியுற குரலைத் திருப்பிக் கேக்க வைக்கிற பட்டன்) அணைச்சிருங்க. குரல் கம்ப்யூட்டருக்குள்ள சுத்தாம நேரா காதுக்கு வரும், பஃபர் எவ்வளவு இருந்தாலும் கவலை இல்ல. சார்ஜரைச் சொருகியே வைங்க, பவர் ப்ளான்ல ஹை பெர்ஃபாமன்ஸ், வைஃபை ஆஃப். அப்பவும் பட்டுப் பட்டுன்னா லேட்டன்சிமான்னு ஒரு இலவச சாப்ட்வேர், எந்த டிரைவர் இடைஞ்சல்னு காட்டிரும்.

ரெண்டாவது யூஎஸ்பி மைக் வாங்காதீங்க. ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்கும் உள்ள தனிக் கடிகாரம். பத்து லட்சத்துல 50 பங்கு வித்தியாசம்னாலும் 10 நிமிஷத்துல 30 மில்லி செகண்ட் விலகிப் போகும். சினிமாப் பாட்டு 4 நிமிஷத்துல முடியும், வில்லுப்பாட்டு அப்படியா? கதை பாதிக்கு வரும்போது குடம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்னு போயிரும். ரெண்டு மைக் வேணும்னா ரெண்டு மைக் சொருகுற ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒண்ணு. ஒரே பெட்டி, ஒரே கடிகாரம்.

கொக்கிரகுளம்_குடம்:
இன்டர்ஃபேஸ் இப்ப முடியாது அண்ணாச்சி. ஒரே மைக்னா எங்கன வைக்க? குடம் அடிச்சா சிவப்பு லைட் எரியுது.

டவுன்_ஒலிக்காரன்:
குடத்து வாயில மட்டை விழும்போது காத்து அப்படியே மேல வரும். மைக் அதுக்கு நேரா இருந்தா 'டொம்'முக்கு முன்னால 'புஸ்'னு ஒரு சத்தம் விழும், அதைப் பின்னால எடுக்கவே முடியாது. வாய்க்கு நேரா வைக்காம, ஒரு அடி தள்ளிப் பக்கவாட்டுல வைங்க. அளவு பாக்கும்போது பாட்டை வச்சுப் பாக்காதீங்க. குடத்தை ஓங்கி அடிக்கச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாம கெயினை (மைக் ஒலியை ஏத்துற அளவு) குறைங்க. 24 பிட்ல பதிஞ்சா குறைச்சலா இருந்தாலும் பின்னால ஏத்திக்கலாம். உடைஞ்ச ஒலியை ஒட்ட முடியாது.

ஒரே மைக்னா முதல்ல பாட்டும் வில்லும், அப்புறம் அதைக் கேட்டுக்கிட்டே குடம், கடைசியா உடுக்கை, ஜால்ரான்னு தனித்தனி ட்ராக்கா எடுங்க. இடம் பெருசா பிடிக்காது. 48,000 சாம்பிள் ரேட்டுல 24 பிட் மோனோ ஒரு ட்ராக் நிமிஷத்துக்கு 8.6 எம்பிதான். கோரஸ்காரங்களுக்கு அனுப்பும்போது எம்பி3ஆ அனுப்பாதீங்க. எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்துல கொஞ்சம் வெத்திடம் சேரும். அவங்க அதுக்கு மேல பாடி அனுப்புறது உங்க ட்ராக்குல உக்காராது. வேவ் ஃபைலே அனுப்புங்க.

அம்பை_கீபோர்டு:
நாகஸ்வரத்துக்கு என் பங்கு. ஜெனரல் மிடிங்கிற பொதுவான வாத்திய வரிசையில நாகஸ்வரம் கிடையாது. 112ஆம் நம்பர் ஷெனாய்தான் கிட்டத்துச் சொந்தக்காரன். இன்னொரு வழி, சர்ஜ் எக்ஸ்டிங்கிற சிந்தசைசர் சாப்ட்வேர். இலவசம், ரீப்பருக்குள்ள ப்ளகினா ஏறும்.

கீபோர்டு வாசிச்சா கீபோர்டு மாதிரியே கேக்குறதுக்குக் காரணம் கமகம் இல்லாததுதான். ஸ்வரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் வீச்சு வழக்கமா 2 செமிடோன்தான் (கீபோர்டுல அடுத்தடுத்த ரெண்டு கட்டைக்கு உள்ள தூரம் 1 செமிடோன்) இருக்கும். பக்கத்து ஸ்வரத்தை அசைக்க அது போதும், ஆனா சட்ஜமத்துல இருந்து பஞ்சமத்துக்கு ஜாரு இழுக்க 7 வேணும். அதனால 7க்கு மாத்துங்க. சவுண்டை மோனோவுல வைங்க, நாகஸ்வரத்துல ஒரே நேரத்துல ரெண்டு ஸ்வரம் வராதுல்லா.

சுருதி: 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. பாட்டு ரெண்டு கட்டைக்கு நடுவுல எங்கயோ நின்னா பதிஞ்ச குரலை இழுக்காதீங்க, கீபோர்டு சவுண்டை சென்ட் (ஒரு செமிடோன்ல நூறுல ஒரு பங்கு) கணக்குல நகத்துங்க. குரலை இழுத்தா பின்னாடி கேக்குற வில்லுமணியும் சேந்து தகரமாயிரும்.