'தி லேடி ஈவ்' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைக்குமா?

அன்பர்களுக்கு வணக்கம். பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி இயக்கி 1941இல் வெளிவந்த 'தி லேடி ஈவ்' படத்தை, ஆங்கிலம் அதிகம் பழகாத என் பெற்றோருக்குப் போட்டுக்காட்ட விரும்புகிறேன். தமிழ் சப்டைட்டில் யாரிடமேனும் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள்.

சீட்டாட்ட மோசடிக்காரியாக வரும் பார்பரா ஸ்டான்விக், கப்பலின் உணவுக்கூடத்தில் கைக்கண்ணாடி வழியே நோட்டமிட்டபடி, மதுபான ஆலை வாரிசான ஹென்றி ஃபோண்டாவை வளைத்துப்போட மற்ற பெண்கள் படும் பாட்டை நையாண்டியாக வர்ணித்துவிட்டு, அவர் கடந்து செல்கையில் காலை நீட்டி இடறி விழவைக்கும் காட்சியில், பாதிச் சிரிப்பு அந்த வர்ணனையில்தான் இருக்கிறது. (விழுவதற்குச் சப்டைட்டில் தேவையில்லை.)

கிடைக்காத பட்சத்தில் நானே மொழிபெயர்க்க உத்தேசித்துள்ளேன். அக்கால அமெரிக்கப் பேச்சுவழக்கும் சீட்டாட்ட நுணுக்கங்களும் அறிந்தவர்கள் என் வரைவைச் சரிபார்த்துத் தர இயலுமா?