கையால் சுற்றிய 0.4 ஓம் காயில்: லேப்டாப் செல் தாங்குமா?

கேள்வி:

நண்பர்களே, என்னிடம் வேப் (மின் சிகரெட்) பிடிக்கும் ஒரு மெக்கானிக்கல் டியூப் மோட், அதாவது செல் போடும் உலோகக் குழாய், இருக்கிறது. உள்ளே சர்க்யூட் எதுவும் கிடையாது, பட்டனை அழுத்தினால் பேட்டரி நேராகக் காயிலில் சேரும். 24 கேஜ் காந்தல் (சூடேற்றப் பயன்படும் உலோகக் கலவை) வயரை 3 மில்லிமீட்டர் கம்பியில் 5 சுற்றுச் சுற்றி, அப்படி இரண்டு காயில் மாட்டியிருக்கிறேன். மல்டிமீட்டர் 0.4 ஓம் காட்டுகிறது. 4.2 வோல்ட்டை அதால் வகுத்தால் பத்தரை ஆம்பியர்.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த 18650 அளவு உருளைச் செல்கள் சும்மா கிடக்கின்றன, போடலாமா? அப்புறம், காயில் உட்காரும் மேல் பாகமான அட்டமைசரின் அடியில் நடுப் பின் நீட்டிக்கொண்டிருப்பதால் மோடில் திருகும்போது சிறு இடைவெளி விழுகிறது. பின்னை அரத்தால் ராவிச் சமமாக்கலாமா?

பதில் 1:

செல் உள்ளே இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் படியுங்கள்.

உங்கள் 0.4 ஓமை நான் நம்பவில்லை. 24 கேஜ் என்றால் 0.51 மில்லிமீட்டர் வயர், காந்தலில் மீட்டருக்குச் சுமார் 7 ஓம். 3 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு சுற்றுக்கு 11 மில்லிமீட்டர் வயர் போகும். ஐந்து சுற்றுக்கு 55, கால்களுக்கு ஒரு 8 சேருங்கள். ஒரு காயில் 0.45 ஓம் வரும். இரண்டும் இணையாக இருப்பதால் பாதி, அதாவது 0.22 தான். மீதி உங்கள் மல்டிமீட்டர் வயர்களின் ரெசிஸ்டன்ஸ். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், பூஜ்யம் வராது. வருகிற எண்ணைக் கழித்தால்தான் காயிலின் கணக்கு. சாதாரண மீட்டரில் ஒரு ஓமுக்குக் கீழே அளப்பதை நம்பியே இறங்கக் கூடாது. காயில் அளக்கவென்றே வரும் ஓம் மீட்டர் வாங்குங்கள்.

0.22 என்றால் 19 ஆம்பியர், 80 வாட். வேகமாக மின்சாரம் தருவதற்கென்று செய்த சாம்சங் 25ஆர் செல்லுக்கே தொடர்ச்சியான வரம்பு 20 ஆம்பியர். லேப்டாப் செல்கள் மணிக்கணக்கில் மெதுவாகக் கொடுப்பதற்காகச் செய்தவை, அதிலும் உங்களுடையவை பழசு. பத்தரை ஆம்பியருக்குக்கூட நான் அவற்றைப் போட மாட்டேன். செல் சூடேறி உள்ளே வாயு கிளம்பினால் அது அடைபட்டிருப்பது ஓர் உலோகக் குழாயில், அந்தக் குழாய் இருப்பது உங்கள் முகத்துக்கு நேரே. 2018-இல் ஃபுளோரிடாவில் ஒருவரும் 2019-இல் டெக்சஸில் ஓர் இளைஞரும் வேப் வெடித்து இறந்திருக்கிறார்கள்.

பின்னைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் மோட் ஹைப்ரிட் வகை போலிருக்கிறது. அதில் செல்லின் பாசிட்டிவ் முனையைத் தொட வேண்டியது அந்தப் பின் மட்டும்தான். பின்னைச் சுற்றியிருக்கும் மரை நெகட்டிவ். ராவிச் சமமாக்கினால் செல் மரையிலும் உட்காரும், பட்டனை அழுத்தியதும் காயிலைத் தாண்டி நேரடி ஷார்ட். அந்த இடைவெளி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பதில் 2:

மேலே சொன்னதோடு செல்லின் பிளாஸ்டிக் உறையையும் பாருங்கள். மேல் முனையைத் தவிர முழு உடம்பும் நெகட்டிவ். விளிம்பில் நகம் அளவு கிழிந்திருந்தாலும் மெக்கானிக்கல் மோடுக்கு ஆகாது. மோடில் வாயு வெளியேறும் துளைகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:

முனைகளைத் தொட்டுப் பார்த்தேன், 0.2 காட்டுகிறது. நீங்கள் போட்ட கணக்கு அப்படியே வருகிறது. செல் வெளியே எடுத்தாகிவிட்டது, பின்னில் கை வைக்கவில்லை. ஒரு காயிலைக் கழற்றிவிட்டால் போதுமா?

பதில் 1:

நிம்மதி. ஒற்றைக் காயிலில் 0.45 ஓம், 9 ஆம்பியர் சொச்சம், 40 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. நல்ல 20 ஆம்பியர் செல்லுக்கு அது சௌகரியமான இடம். ஆனால் என்னைக் கேட்டால் இந்த அட்டமைசரை, உள்ளே சர்க்யூட் உள்ள ரெகுலேட்டட் மோடில் மாட்டுங்கள். காயில் ஷார்ட் ஆனால் அது மின்சாரத்தையே விடாது, ஓமையும் திரையில் காட்டும். சுற்றுகிற சுகம் எங்கேயும் போகாது. வேப் திரவத்தை உறிஞ்சும் பஞ்சை வைக்கும் முன் குறைந்த வாட்டில் பட்டனை விட்டு விட்டு அழுத்துங்கள். காயில் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீராகச் சிவக்க வேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு பளிச்சென்று எரிந்தால் பட்டனை விட்டுவிட்டு, செராமிக் இடுக்கியால் சுற்றுகளை மெல்ல நெருக்குங்கள். காந்தலில் இதைச் செய்யலாம், டைட்டானியம் வயரை மட்டும் ஒருபோதும் சிவக்க விடாதீர்கள்.