முழங்கால் வலியோடு நீச்சலும் ஓட்டமும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

என் மகளுக்கு வயது 13. நீச்சலும் ஓட்டமும் சேர்ந்த அக்வத்லான் போட்டிகளில் கலந்துகொள்கிறாள். கோடைப் போட்டிகள் முடிந்து, இலையுதிர் காலப் பயிற்சியை இப்போதுதான் தொடங்கினோம். வாரத்துக்கு நான்கு நாள் நீச்சல், மூன்று நாள் ஓட்டம்.

ஓடிவிட்டு வந்து காலணியைக் கழற்றும்போது, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருக்கிறாள். தொட்டாலே வலிக்கிறதாம். மருத்துவர் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்றார். வளரும் வயதில் தொடைத் தசையின் நாண் அந்த இடத்தை இழுத்து இழுத்து வருவது. வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதுவரை வலியைப் பார்த்து ஓட்டத்தைக் குறையுங்கள் என்றார். அதைக் கேட்டு அவள் முகம் வாடியதை என்னால் தாங்க முடியவில்லை.

சரி என்று ஒரு நாள் ஓட்டத்துக்குப் பதிலாக, இடுப்பில் மிதவைப் பட்டை கட்டி ஆழமான நீரில் ஓடவைக்கிறேன். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை நீச்சல்) உதையில் வலிப்பதால் அதையும் நிறுத்திவிட்டோம்.

இதைக் கடந்து வந்த பெற்றோரோ பயிற்சியாளரோ இருந்தால் சொல்லுங்கள். ஓட்டத்தை எந்த அளவுக்குக் குறைத்தீர்கள்? புல்தரையில் ஓடியது உதவியதா? அப்புறம், ஒரே நாளில் நீச்சலும் ஓட்டமும் வந்தால் எதை முதலில் வைப்பது?