ரியாத்தில் ஷட்டர் இறங்கிய காலமும் ஏறிய காலமும்: நீங்கள் பார்த்தது என்ன?

மன்னார்குடி மெக்கானிக்:

2009-ல் போய் இறங்கி 2023-ல் ஃபைனல் எக்ஸிட் (ஒரேயடியாக ஊர் திரும்பும் விசா) அடித்து வந்தவன் நான். பதினான்கு வருடமும் ரியாத்தில்தான், ஏசி வேலை. போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் ஒரு பையன், புதிதாக விசா வந்திருக்கிறதாம். "அண்ணே, அங்க சினிமா தியேட்டரெல்லாம் இருக்காமே, அப்புறம் ஏன் எல்லாரும் பயமுறுத்துறீங்க?" என்றான். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொல்லி முடிக்கிற கதையா அது? அதனால் இங்கே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும்.

போன புதிதில் நான் முதலில் கற்றுக்கொண்ட அரபிச் சொல் 'ஸலா', தொழுகை. பாங்கு சொல்லத் தொடங்கியதும் பத்தா கடைவீதி முழுக்க ஷட்டர் இறங்கும். பக்காலா என்கிற மளிகைக்கடைக்குள் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம் அரை இருட்டில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஹோட்டலில் பாதிச் சாப்பாட்டில் இருந்தால் கவலையில்லை, கதவைச் சாத்திவிட்டு உள்ளே சாப்பிட விடுவார்கள். தெருவில் நின்றால்தான் வம்பு.

2011 என்று நினைவு. மஃரிப் நேரம். ஊருக்குப் பேச ஃபோன் கார்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், ஜி.எம்.சி. வண்டி வந்து நின்றது. முத்தவா, அதாவது மதக் காவலர். கணுக்காலுக்கு மேல் நிற்கும் தோப், கறுப்பு வளையம் இல்லாத தலைத்துணி, கூடவே ஒரு போலீஸ்காரர். "ஸல்லி! ஸல்லி!" என்றார், தொழப் போ என்று. நான் இக்காமாவை, அங்கே தங்கும் அனுமதி அட்டையை, நீட்டினேன். அதில் மதம் எழுதியிருக்கும். பார்த்துவிட்டு, ரூமுக்குப் போ என்று கையைக் காட்டினார். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து எனக்குக் கார்டு விற்ற மலையாளிப் பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் வந்துவிட்டான். ஏதோ எழுதிக் கையெழுத்து வாங்கினார்களாம். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "எனக்கென்ன அரபி வாசிக்கத் தெரியுமா?" என்றான்.

எங்கள் ரூமில் முருகன் படம் அலமாரிக் கதவின் உட்பக்கம் இருந்தது. கூட இருந்தவர்களில் ஒருவர் கீழக்கரைக்காரர், ஒரு வக்து தொழுகை தவறாதவர். சோதனை வருகிறதென்று வதந்தி கிளம்பினால் முதலில் எழுந்து போய் அந்த அலமாரியைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வது அவர்தான்.

2016 ஏப்ரலில் அமைச்சரவை முடிவு வந்தது. ஹைஆ (முத்தவாக்களின் துறை) ஆட்கள் இனி யாரையும் துரத்தக் கூடாது, பிடிக்கக் கூடாது, அடையாள அட்டை கேட்கக் கூடாது. எதையாவது பார்த்தால் போலீஸிடம் சொல்லலாம், அவ்வளவே. அதே மாதக் கடைசியில் விஷன் 2030 என்கிற நாட்டு மாற்றத் திட்ட அறிவிப்பு. தெருவில் யாரும் கொண்டாடவில்லை, யாரும் அழவும் இல்லை. ஜி.எம்.சி. வண்டி ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. எனக்கு வேடிக்கை அதுவல்ல. பிடிக்க ஆள் இல்லாமல் போன பிறகும் ஷட்டர் மட்டும் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருந்தது. 2021 ஜூலையில், தொழுகை நேரத்திலும் திறந்து வைக்கலாம் என்று வர்த்தக சபைகளின் கூட்டமைப்பு சுற்றறிக்கை விட்ட பிறகுதான் எங்கள் தெருவில் அது நின்றது. அப்போதும் எங்கள் பக்காலாக்காரர் ஒரு மாதம் நம்பவில்லை.

மட்டக்களப்பு டிரைவர்:

நான் 2012 இல இருந்து ஹவுஸ் டிரைவர். மதாம் (வீட்டு எஜமானி) பள்ளிக்கூட டீச்சர். விடிய ஆறு மணிக்கு அவவ விடுறது, பிறகு பிள்ளைகள், பின்னேரம் கடைத்தெரு, இரவில அவட உம்மா வீடு. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணித்தியாலம் ஸ்டியரிங்கிலதான்.

2017 செப்டம்பர் 26 இரவு, பொம்புளைகளும் வாகனம் ஓட்டலாமெண்டு மன்னர்ட கட்டளை டிவியில வந்தது. உள்ளுக்கு இருந்து ஒரு குரவைச் சத்தம். எங்கட ஊர்ப் பொண்டுகள் கலியாணத்துக்குப் போடுற குரவை போலயே! வெளியில என்ட சின்ன அறையில படுத்திருந்த எனக்கு நித்திரை போயிட்டு. இனி நான் எதுக்கு எண்டுதான் யோசனை.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 ஜூன் 24. அதுக்கு முன்னமே மதாம் நூரா பல்கலைக்கழகத்தில இருந்த டிரைவிங் ஸ்கூலுக்குப் பேர் குடுத்தா. வரிசை நீளம், இடம் கிடைக்க மாசக்கணக்கு. அதால வெள்ளிக்கிழமை சுபஹு முடிய நகரத்துக்கு வெளியில ஒரு வெறும் பொட்டலுக்குப் போவம். மதாம் முன்னுக்கு, நான் பக்கத்தில, பாபா (அவட மாப்பிள்ளை, என்ட முதலாளி) பின்சீட்டில. அவ பிரேக்க மிதிக்கிற ஒவ்வொரு தரமும் பாபா சத்தமா துஆ ஓதுவார். நான் ஆறு வருசம் ஓடின வண்டியில அவர் ஒரு நாளும் ஓதினதில்ல.

லைசன்ஸ் எடுத்தா. பின்னேரம் உம்மா வீட்டுக்கு, கூட்டாளிமாரோட காப்பிக் கடைக்கு அவவே ஓடினா. விடிய ஆறு மணி டிராஃபிக் மட்டும் எனக்கு. வேலை போகல்ல, அல்ஹம்துலில்லாஹ்.

2021 மார்ச்சில தொழிலாளர் சீர்திருத்தம் வந்தது. கபில்ட (விசா தந்த முதலாளிட) சம்மதம் இல்லாம வேற வேலைக்கு மாறலாம், எக்ஸிட் ரீ-என்ட்ரி (ஊருக்குப் போய்த் திரும்பி வாற விசா) நீங்களே எடுக்கலாம் எண்டு. ரூமுக்கு வந்த கூட்டாளிமார் எனக்கும் கைகுடுத்தாங்க. பிறகு ஒருத்தன் வடிவா வாசிச்சிப் பார்த்தான். வீட்டு வேலைக்காரர், ஹவுஸ் டிரைவர், தோட்டக்காரர், மேய்ப்பர் ஒருத்தரும் அதுக்குள்ள இல்ல. என்ட பாஸ்போட் அந்த நேரமும் பாபாட அலுமாரிக்குள்ளதான்.

நாகர்கோவில் நர்ஸ்:

நான் 2007-ல் போனேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன், அதனால் ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். குவார்ட்டர்ஸுக்கு வாட்ச்மேன் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் திரை போட்ட பஸ்ஸில் கடைக்குக் கூட்டிப்போவார்கள். ஏறும்போது ஒரு தலை எண்ணிக்கை, இறங்கும்போது ஒன்று.

அந்த நாட்டில் சர்ச் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒரு சேச்சியின் ஃப்ளாட்டில் கூடுவோம், பன்னிரண்டு பேர், பதினைந்து பேர். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, பாட்டை வாய்க்குள்ளேயே பாடுவோம். வாசலில் செருப்பு குவிந்தால் சந்தேகம் வரும் என்று எல்லோருமே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவோம். குளியலறையில்தான் அவை கிடக்கும்.

2021 டிசம்பரில் ஒரு பரிசுப்பொருள் கடையில் கிறிஸ்மஸ் மரம் வைத்திருந்தார்கள், வெளியில் தெரிகிற மாதிரி. விலை கேட்டேன். கல்லாவில் நின்ற சவூதிப் பையன் சிரித்துக்கொண்டே 'மெர்ரி கிறிஸ்மஸ்' என்றான். நான் பதில் சொல்லாமல் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பாவம், அவன் முகம் சுருங்கிவிட்டது. அவனுக்கு இருபது வயது இருக்கும். நான் எதற்குத் திரும்பிப் பார்த்தேன் என்றே அவனுக்குத் தெரிந்திருக்காது.

இப்போதும் சர்ச் இல்லை, இப்போதும் ஃப்ளாட்டில்தான் ஜெபம். ஆனால் செருப்பை வெளியில் விடுகிறோம்.

கேள்வி மட்டும்:

எல்லோரும் நல்ல மாதிரியே எழுதுகிறீர்களே. 1990 நவம்பரில் ரியாத் தெருவில் கார் ஓட்டிய 47 பெண்களுக்கு என்ன ஆயிற்று? வேலையிலிருந்து இடைநீக்கம், பாஸ்போர்ட் பறிமுதல், பள்ளிவாசல் பிரசங்கத்தில் வசை. சரி, அது அந்தக் காலம். 2018-ல் தடை நீங்குவதற்குச் சில வாரம் முன்பு, மே மாதம், அதே உரிமையைக் கேட்டுப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் முதலான பெண்களைப் பிடித்தார்களே? அவர் வெளியே வந்தது 2021 பிப்ரவரியில். 2017 செப்டம்பரில் ஸல்மான் அல் அவ்தா போன்ற மார்க்க அறிஞர்களையும் பிடித்தார்கள். கேட்டவளுக்கும் சிறை, எதிர்க்கக்கூடும் என்று தோன்றியவருக்கும் சிறை. உங்கள் கதைகளில் இது ஏன் வரவில்லை?

மன்னார்குடி மெக்கானிக்:

நியாயம். வராததற்குக் காரணம், எங்கள் ரூமில் யாரும் அதைப் பேசவில்லை. 2018 அக்டோபரில் இஸ்தான்புல் சவூதி துணைத் தூதரகத்தில் பத்திரிகையாளர் கஷோகி கொல்லப்பட்ட செய்தியைக்கூட ஊரிலிருந்து என் மச்சான் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "ஃபோன்ல இதெல்லாம் பேசாத" என்று வைத்துவிட்டேன். முத்தவா இருந்தபோது உடையையும் தொழுகையையும் பற்றிப் பயந்தோம். அவர்கள் போன பிறகு வாயைப் பற்றிப் பயந்தோம். சவூதிக்காரர்களும் அப்படித்தான். முன்பெல்லாம் முத்தவாவைத் திட்டிச் சிரிப்பார்கள், கடைசி வருடங்களில் எதையும் திட்டுவதில்லை.

பழைய பேப்பர்:

எல்லாவற்றுக்கும் 1979 தான் காரணம் என்று அங்கே என் முதலாளி சொல்வார். ஜுஹைமான் அல் உதைபி என்ற தீவிரவாதியின் ஆட்கள் மக்கா பெரிய பள்ளிவாசலை இரண்டு வாரம் பிடித்து வைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் இறுக்கமாம், அதற்கு முன் எல்லாம் சாதாரணமாம். பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானும் 2018-ல் அமெரிக்க டிவியில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். பாதிதான் சரி. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வந்தபோது புரைதாவில் எதிர்ப்பு கிளம்பி, 1963-ல் படையை அனுப்ப வேண்டியிருந்தது. 1965-ல் டிவி வந்ததை எதிர்த்துக் கிளம்பியவர்களில் மன்னர் ஃபைசலின் தம்பி மகனே ஒருவர். போலீஸ் சுட்டதில் இறந்துபோனார். பத்து வருடம் கழித்து ஃபைசலைச் சுட்டுக் கொன்றது அந்தப் பையனின் தம்பி. முதலாளியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சம்பளம் தருபவர்.

வெள்ளைத் துப்பட்டி:

காயல்பட்டினம். கல்யாணம் முடிந்து 2010-ல் ரியாத் போனேன். மாற்றத்தைப் பற்றிக் கேட்டால் எனக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும்.

ஒன்று, பணம். 2017 ஜூலையில் குடும்ப வரி வந்தது. கூட இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் 100 ரியால், வருடா வருடம் இன்னொரு நூறு கூடும் என்றார்கள். நானும் இரண்டு பிள்ளைகளும் மூன்று பேர். முதல் வருடம் 3,600 ரியால். நாலாவது வருடம் 14,400 ஆகும். இக்காமா புதுப்பிக்கும்போதே முன்பணமாகக் கட்ட வேண்டும். எங்கள் பில்டிங்கில் தமிழ்க் குடும்பம் ஒன்பது இருந்தது. 2019 பள்ளி விடுமுறைக்குள் ஆறு குடும்பம் ஊருக்கு வந்துவிட்டோம். பிள்ளைகளின் சைக்கிளை, துணி துவைக்கும் மிஷினைப் பாதி விலைக்குக்கூட வாங்க ஆளில்லை, எல்லோருமே விற்றுக்கொண்டிருந்தோம். தியேட்டர் திறந்தது 2018 ஏப்ரலில். ஒரு தடவைகூட நாங்கள் போகவில்லை. ஆண்கள் மறுபடி பேச்சிலர் ரூமுக்குப் போனார்கள். என் மாப்பிள்ளையும்தான்.

இரண்டாவது, துணி. என் உம்மாவும் கண்ணம்மாவும் (உம்மாவின் உம்மா) வெள்ளைத் துப்பட்டி போட்டுத்தான் தெருவில் நடந்தார்கள். எங்கள் ஊரில் பெண்கள் நடக்கவென்றே தனி முடுக்கு உண்டு. அந்த முடுக்கில் வெள்ளை போகும், வெள்ளை வரும். வாப்பாவும் காக்காவும் (அண்ணன்) சவூதி போய் வந்த பிறகுதான் பெட்டியில் கறுப்பு அபாயா, உடம்பு மூடும் நீள அங்கி, வந்தது. துப்பட்டி பழசாம், இதுதான் மார்க்கமாம். அதோடு கந்தூரிக்கு (தர்கா விழா) போவதும் நின்றது. மௌலிது (புகழ்ப்பாட்டு) ஓதுகிற வீடு, ஓதாத வீடு என்று ஒரே தெருவில் சம்பந்தம் பேசுவதே குறைந்தது. கண்ணம்மா கடைசி வரை வெள்ளையை மாற்றவில்லை. "எனக்கு மார்க்கம் சொல்ல வந்துட்டான் நேத்துப் பொறந்தவன்" என்பார்கள்.

இப்போது பாருங்கள். 2018 மார்ச்சில் அந்த இளவரசரே, கறுப்பு அபாயாதான் என்று ஷரீஅத்தில் இல்லை, கண்ணியமாக உடுத்தினால் போதும் என்றார். பனிப்போர்க் காலத்தில் மேற்கு நாடுகள் கேட்டுக்கொண்டதால்தான் வெளியில் மதரசாக்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் பணம் போட்டோம் என்றும் அதே மாதம் ஒரு பேட்டியில் சொன்னார். நான் ஊருக்குப் புறப்படும்போது ரியாத் மாலில் சாம்பல், நீலம், ரோஜா நிறம் என்று அபாயா தொங்கியது. சாம்பலில் ஒன்று வாங்கினேன். இங்கே வந்து ஒரு தடவை போட்டேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு லாத்தா மட்டும், "என்ன புள்ள, சாயம் போயிருச்சா?" என்று கேட்டார்கள்.

மட்டக்களப்பு டிரைவர்:

தங்கச்சி, எங்கட பக்கம் இன்னும் மோசம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஏப்ரல் 29 இல இருந்து இலங்கையில முகம் மூடத் தடை போட்டிருந்தாங்க. என்ட பொஞ்சாதி காத்தான்குடியில நிகாப கழட்ட ஏலாம, பயத்தில ஆஸ்பத்திரிக்கும் போகாம வீட்டுக்குள்ளேயே இருந்தா. அதே வருசம்தான் ரியாத்தில மதாம் தானாவே நிகாப கழட்டினா. ரெண்டு பேரும் ஒரே கிழமை எனக்கு ஃபோட்டோ காட்டினாங்க. ஒராள் வட்ஸ்அப்பில அழுதுகொண்டு, மற்றாள் கண்ணாடியில பார்த்துச் சிரிச்சிக்கொண்டு.

கேள்வி மட்டும்:

மெக்கானிக் அண்ணன், அந்த முத்தவாக்கள் எல்லாம் பிறகு எங்கே போனார்கள்? யாரையாவது திரும்பப் பார்த்தீர்களா?

மன்னார்குடி மெக்கானிக்:

ஒருவரைப் பார்த்தேன், 2022 கோடையில். ஸ்பிளிட் ஏசி ஓடவில்லை என்று ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். முன்பு ஹைஆவில் இருந்த பெரியவர் என்று வழியிலேயே அந்த வீட்டு டிரைவர் சொல்லிவிட்டான். எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. மனிதர் நன்றாகத்தான் இருந்தார். பேரீச்சம்பழமும் கஹ்வாவும் வைத்தார். அவுட்டோர் யூனிட்டில் கெபாசிட்டர் போயிருந்தது. கழற்றிக்கொண்டிருக்கும்போது அஸருக்குப் பாங்கு. பழக்கம், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் படியில் இறங்கினேன். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எங்கே போகிறாய்?" என்றார். "நான் தொழுதுவிட்டு வருவதற்குள் அறை குளிர்ந்திருக்க வேண்டும்."