மறு: கல்லெட் என்பதற்குத் தமிழில் என்ன? குப்பிச்சில்லு என்கிறேன்

எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். வைன் பாட்டில்களின் வடிவம், அளவு, சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் தோழி கேட்டது ஒரே ஒரு சொல்தான். திரும்ப உருக்குவதற்காக உலைக்குப் போகும் உடைந்த கண்ணாடிக்கு, அதாவது கல்லெட்டுக்கு, என்ன சொல் என்று. இதுவரை வந்தவை கண்ணாடிக் கழிவு, உடைகண்ணாடி, கண்ணாடி நொறுங்கல், மறுசுழற்சிக் கண்ணாடி. இவற்றில் கண்ணாடிக் கழிவுக்குத்தான் ஆதரவு அதிகம், அதை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் களியக்காவிளைப் பக்கம். எங்கள் ஊரில் பாட்டில் என்று சொல்லிப் பழக்கமில்லை, குப்பிதான். மண்ணெண்ணெய்க் குப்பி, தேன் குப்பி, சோடாக்குப்பி. அது உடைந்தால் குப்பிச்சில்லு. மழைக்காலத்தில் செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் இறங்கினால் ஆச்சி பின்னாலேயே குரல் கொடுப்பாள், "குப்பிச்சில்லு கெடக்கும், பாத்துப் போ மக்களே" என்று. எல்லை தாண்டி பாறசாலைக்குப் போனாலும் இதே சொல்தான். அங்கே சில்லு என்றாலே கண்ணாடி என்றும் பொருள் உண்டு. 1956 நவம்பரில் எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்த்தார்கள், குப்பியும் சில்லும் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கின்றன.

மாமா ஆக்கர் கடை வைத்திருந்தார், பழைய சாமான் கடையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பள்ளி விடுமுறையில் குப்பி பிரிப்பது என் வேலை. அங்கே இரண்டே கணக்குதான், எண்ணி வாங்குவது, தூக்கி வாங்குவது. 650 மில்லி பீர் குப்பி எண்ணிக்கைக் கணக்கு. எந்தக் கம்பெனியுடையதானாலும் ஏறக்குறைய ஒரே வடிவம், கழுவி மறுபடி நிரப்ப எடுத்துக்கொண்டு போவார்கள். வைன் குப்பி கோவளத்து விடுதிகளிலிருந்து வரும், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு எண்ணிக்கை விலை கிடையாது, தராசுதான். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை ஊறப்போடுகிற ஒன்றிரண்டு பேர் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள், மற்றதெல்லாம் சாக்கில் போட்டு உடைப்போம்.

ஏன் என்று அப்போது தெரியாது, இப்போது தெரிகிறது. காரணம் வடிவம்தான். போர்தோ குப்பிக்கு உடல் நேராக ஏறி, தோள் சட்டென்று உயர்ந்து நிற்கும். பர்கண்டி குப்பிக்குத் தோள் சரிந்து இறங்கும், இடுப்பும் சற்று அகலம். ரைன், அல்சாஸ் பக்கத்துக் குப்பி ஒல்லியாக நெடுநெடுவென்று இருக்கும். ஜெர்மனியின் பிராங்கோனியா வட்டாரத்தில் தட்டையான வட்டக் குப்பி ஒன்று உண்டு, அதைப் பெட்டியில் அடுக்குவதே தனி வேலை. கொள்ளளவு எல்லாவற்றுக்கும் 750 மில்லிதான், ஆனால் கழுவும் எந்திரத்துக்கும் நிரப்பும் எந்திரத்துக்கும் இவை வேறு வேறு சாமான். ஒரே வடிவம் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் கழுவி நிரப்புவது கட்டுப்படியாகும். சேராத குப்பிக்குச் சாக்கும் சுத்தியலும்தான்.

(இடையில் ஒன்று. பெரிய ஷாம்பேன் குப்பிகளின் பெயர்களை எப்படி எழுதுவது என்று தோழி தனியாகக் கேட்டிருந்தார். அதற்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம், அவை விவிலியப் பெயர்கள், தமிழ் வேதாகமத்தில் நம்மிடம் முன்பே இருக்கின்றன. 3 லிட்டர் யெரொபெயாம், 4.5 லிட்டர் ரெகொபெயாம், 6 லிட்டர் மெத்தூசலா, 9 லிட்டர் சல்மனாசார், 15 லிட்டர் நேபுகாத்நேச்சார். ஆங்கில உச்சரிப்பைப் பார்த்து "ஜெரோபோம்" என்று எழுதினால் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்களுக்கே புரியாது.)

சரி, சொல்லுக்கு வருகிறேன். கழிவு என்பது ஏன் தவறு? கழிவு என்றால் கழித்துப் போட்டது. கல்லெட் அப்படி இல்லை, அது கண்ணாடி ஆலையின் மூலப்பொருள். மணலும் சலவைச் சோடாவும் சுண்ணாம்புக்கல்லும் சுமார் 1500 டிகிரி வெப்பத்தில் உருகித்தான் கண்ணாடி ஆகிறது. இவற்றோடு உடைந்த கண்ணாடியைச் சேர்த்தால் உலை சீக்கிரம் உருக்கிவிடும், 10 சதவீதம் சேர்த்தால் எரிசக்தியில் 2.5 முதல் 3 சதவீதம் வரை மிச்சம் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் சொல்லும் கணக்கு. அதோடு முடியவில்லை. சோடாவும் சுண்ணாம்புக்கல்லும் உருகும்போது அவற்றுக்குள் கட்டுண்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், அது எரிபொருள் புகைக்கும் மேலே தனிக் கணக்கு. ஒருமுறை உருகி முடித்த கண்ணாடியில் அது போய்விட்டது, மறுபடி வராது. ஒரு டன் கல்லெட் போட்டால் சுமார் 1.2 டன் புது மூலப்பொருள் தேவைப்படாது, உருகும்போது இந்த வாயு போய்விடுவதுதான் 1.2 டன் போட்டும் ஒரு டன் கண்ணாடியே கிடைப்பதற்கு முக்கியக் காரணம். இப்படி ஒரு பொருளுக்குக் கழிவு என்று பெயர் வைத்தால் தமிழில் படிக்கிற மாணவர் அதைக் குப்பைக் கணக்கில்தான் சேர்த்துக்கொள்வார்.

சில்லு என்ற சொல்லைப் பாருங்கள். தேங்காய்ச் சில்லு, சில்லுக் கருப்பட்டி, பிள்ளைகள் பாண்டி ஆட எடுக்கும் ஓட்டாஞ்சில்லு. எதையும் நாம் கழிவாக நினைத்ததில்லை. பெரியதிலிருந்து வந்த சின்னத் துண்டு, இன்னும் பயன் உள்ளது, அவ்வளவுதான் பொருள். ஆங்கிலச் சொல்லும் புத்தகத்தில் பிறக்கவில்லை. கழுத்தைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல் வழியாக, கண்ணாடி ஊதும் குழலின் நுனியில் ஒட்டி மிஞ்சும் கண்ணாடிக்குத் தொழிலாளிகள் வைத்த பேர் அது. நம்மிடமும் அதே போல வேலை செய்கிறவர்கள் வாயில் இருக்கும் சொல் இருக்கும்போது மேசையில் உட்கார்ந்து "உடைகண்ணாடி" என்று ஏன் கட்ட வேண்டும்?

வந்த மறுப்புகளுக்கு வருகிறேன். சில்லு என்பதைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று பெங்களூர் நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான், அதனால்தான் வெறும் சில்லு போதாது, முன்னால் குப்பி வேண்டும் என்கிறேன். இரண்டும் மணலிலிருந்து வந்தவைதான், ஆனால் குப்பிச்சில்லு என்றால் யாரும் கணினியை நினைக்க மாட்டார்கள். இலங்கையில் சில்லு என்றால் சக்கரம் என்றார்கள், அதற்கும் இதே பதில்.

குப்பி என்றதும் தன் மக்களுக்கு நினைவு வருவது போர்க்காலத்துச் சயனைடு குப்பி என்று யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய மடலை இரண்டு முறை படித்தேன். அந்த வலியை நான் வாதம் பேசித் தள்ளிவிட மாட்டேன். அவர் கட்டுரையில் கண்ணாடிச்சில்லு என்றோ போத்தல்சில்லு என்றோ எழுதட்டும், சில்லு என்ற தலைச்சொல் நின்றால் போதும். ஆனால் பொதுவாக இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் தொழிலில் அந்த வேறுபாடு உண்டு. ஜன்னல் கண்ணாடி, கார் கண்ணாடி எல்லாம் சேர்த்துச் சொல்ல கண்ணாடிச்சில்லு, பாட்டிலும் ஜாடியும் உடைந்து வருவதற்குக் குப்பிச்சில்லு. ஜன்னல் கண்ணாடி செய்யும் உலையில் குப்பிச்சில்லைப் போட மாட்டார்கள், கலவை வேறு.

சேரக் கூடாதது கலந்தால் என்ன ஆகும் என்பதை மாமா கடையில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை லாரி நிறையச் சில்லு அனுப்பினார், ஆலையில் கொட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாக்குகளில் டீக்கடைப் பீங்கான் கப் துண்டுகள் கிடந்ததுதான் காரணம். போகவர லாரி வாடகை மாமா தலையில். அன்று இரவு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து சில்லைக் கிளறிப் பொறுக்கினோம், என் வலது கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. பீங்கான் அந்த உலைச் சூட்டில் உருகாது, புதுக் குப்பியின் சுவருக்குள் கல்லாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு அந்த இடத்தில்தான் குப்பி விரிசல் விடும். அடுப்பில் வைக்கிற சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரமும் அப்படித்தான், பார்வைக்குக் கண்ணாடி, உலைக்கு அந்நியம். நிறமும் பிரிக்க வேண்டும். வெள்ளைக் கண்ணாடிக்குள் பச்சை போகக் கூடாது, பச்சைக்குள் மற்றது கொஞ்சம் போகலாம், அதனால்தான் பச்சை வைன் குப்பியில் பழைய கண்ணாடி மிக அதிகமாகச் சேர்கிறது.

ஒரு நல்ல கலைச்சொல்லுக்கு நான் பார்ப்பது அது குட்டி போடுமா என்பதைத்தான். குப்பிச்சில்லு போடும். பச்சைச்சில்லு, வெள்ளைச்சில்லு, தவிட்டுச்சில்லு. ஆலைக்குள்ளேயே உடைந்தது ஆலைச்சில்லு, வெளியிலிருந்து வந்தது ஊர்ச்சில்லு. கழுவிப் பொறுக்கி உலைக்குத் தயாரானது உலைச்சில்லு. எவ்வளவு சேர்த்தார்கள் என்பது சில்லு விகிதம். உடைகண்ணாடியை வைத்து இதில் பாதியைச் சொல்லிப் பாருங்கள், நாக்கு புரளாது.

இன்னொன்று, மறுசுழற்சிக் கண்ணாடி என்பதும் குழப்பம்தான். நீலகிரியில் 2022-இல் காலிப் பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் வந்ததே, காட்டில் வீசிய பாட்டில் யானையின் காலில் ஏறுகிறது என்று உயர் நீதிமன்றம் வரை போன விஷயம். அப்படித் திரும்பி வரும் பாட்டில் கழுவி நிரப்பப்படலாம், உடைத்து உருக்கவும் படலாம். முன்னது மறுபயன்பாடு, உலையே வேண்டாம். பின்னதற்கு உலை வேண்டும், எரிபொருள் வேண்டும். சில்லு என்று சொன்னால் உடைத்தாயிற்று என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

குப்பியின் அடியில் உள்நோக்கி ஏறும் குழிக்கு, அந்தப் பண்ட்டுக்கு, அடிக்குழி போதும். அதை நீட்டி விவாதிக்க வேண்டாம். ஆனால் கட்டுரையில் அதன் எடையைப் பற்றி ஒரு வரி அவசியம் வேண்டும். ஷாம்பேனுக்குள் 6 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் இருப்பதால் அதற்குத் தடித்த சுவரும் ஆழமான அடிக்குழியும் தேவை, அதையே 2010-இல் 900 கிராமிலிருந்து 835 கிராமாகக் குறைத்தார்கள். நுரைக்காத சாதாரண வைனுக்கு அந்தத் தேவையே இல்லை, 400 கிராமுக்கும் சற்று மேலே இருந்தால் போதும். அப்படியும் விலை உயர்ந்தது என்று காட்டுவதற்காகவே ஆழக் குழி போட்டுக் கனத்த குப்பியில் அடைக்கிறார்கள். அந்தக் கனம் முழுவதையும் ஒருமுறை உருக்க வேண்டும், கப்பலில் ஏற்ற வேண்டும், கடைசியில் எங்கள் மாமாவைப் போல ஒருவர் தூக்கிப் போட வேண்டும்.

ஞாயிறு இரவு வரை பார்க்கிறேன். யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் இணைய அகராதியான விக்சனரியில் குப்பிச்சில்லு, கண்ணாடிச்சில்லு இரண்டையும் நானே சேர்த்துவிடுகிறேன், ஈழ வழக்கு என்ற குறிப்போடு போத்தல்சில்லையும் சேர்த்து. ஊர்ச்சில்லு என்பதற்கு மட்டும் இன்னும் நல்ல சொல் வைத்திருந்தால் அனுப்புங்கள், அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை.