ஈத்தர்நெட் வயரைச் செருகினால் 137 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல்: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். மீட்டியோர்-எம் வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் படங்களை 137.9 மெகாஹெர்ட்ஸில் பிடிக்க மொட்டை மாடியில் வி-டைபோல் ஆன்டெனா வைத்திருக்கிறேன். நீளமான கோஆக்ஸியல் கேபிளில் சிக்னல் தேய்ந்துவிடும் என்பதால், ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளையும் (யுஎஸ்பியில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்) ஒரு சின்ன கணினி போர்டையும் ஆன்டெனா பக்கத்திலேயே ஒரு பெட்டியில் வைத்துவிட்டேன். அங்கிருந்து 20 மீட்டர் ஈத்தர்நெட் வயர் என் அறைக்கு வருகிறது. ரிசீவரின் தரவை நெட்வொர்க் வழியே அனுப்பும் ஆர்டிஎல்-டிசிபி மென்பொருளை போர்ட் 1234இல் ஓட்டுகிறேன். இணைப்பு உடனே கிடைக்கிறது.

சிக்கல் வேறு. வயரைச் செருகியதும் வாட்டர்ஃபாலில் (அலைவரிசைகளின் சிக்னல் அளவை ஓடும் படமாகக் காட்டும் திரை) இரைச்சல் ஏறி, செயற்கைக்கோளின் பட்டை அதில் மூழ்கிவிடுகிறது. வைஃபைக்கு மாற்றினால் சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் நடுவே கான்கிரீட் தளம். வைஃபை விட்டு விட்டு வந்து படம் துண்டு துண்டாகிறது. செயற்கைக்கோள் தலைக்கு மேல் இருப்பதே பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், அதைத் தவறவிட மனசு கேட்கவில்லை.

ஈத்தர்நெட் வேகத்தை 100 மெகாபிட்டிலிருந்து 10க்கு இறக்கினேன், இரைச்சல் நன்றாகவே குறைந்தது. வயர்தான் கதிர்வீசுகிறது போல. ஆனால் டாங்கிள் நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள் (சிக்னல் அளவீடுகள்) அனுப்புகிறது என்றால், மாதிரிக்கு 2 பைட் வீதம் 38.4 மெகாபிட் வேண்டுமே! 2.5 லட்சத்துக்குக் குறைத்தால் 4 மெகாபிட்டில் அடங்கும், இந்தப் படத்துக்கு அது போதும். ஆனால் விமான அலைவரிசையை அகலமாகப் பார்க்க முடியாது.

வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்டவர்கள், அதன் பொருள் 31 கலவையா 43ஆ, எத்தனை சுற்று என்று சொல்லுங்கள். கவசமிட்ட கேட்-6 ஈத்தர்நெட் வயர் வாங்கினால் எர்த் ஒரு முனையிலா, இரண்டிலுமா? அல்லது பேசாமல், தரவை ஒளியிழை வழியே அனுப்பும் ஃபைபர் கன்வெர்ட்டருக்கே போய்விடலாமா? வாட்டர்ஃபால் படம் வேண்டுமென்றால் இன்று இரவே போடுகிறேன்.